மாநிலங்களவையும் மாநிலச் சட்ட மேலவையும்: எதன் கை ஓங்கும்?

வரி, அரசுச் செலவு போன்றவை பற்றிய பண மசோதாவைப் பொறுத்தவரை இரண்டு அவைகளின் நிலையும் ஒன்றுதான். 14 நாட்களுக்குள் பரிந்துரை சொல்லலாம், அதைக் கீழவை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. வேறுபாடு சாதாரண மசோதாவில் தொடங்குகிறது. சட்டமன்றம் அனுப்பும் மசோதாவைச் சட்ட மேலவை முதல்முறை மூன்று மாதமும், மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதமும் நிறுத்திவைக்கலாம். அதற்குப் பின் மேலவை சம்மதிக்காவிட்டாலும் அது நிறைவேறியதாகிவிடும். மாநிலங்களவை முரண்டுபிடித்தாலோ இரு அவைகளும் சேர்ந்து அமர்ந்து வாக்களிக்கும் கூட்டுக்கூட்டம்தான் வழி. அங்கே எண்ணிக்கையில் மக்களவையே பெரிது என்றாலும், இதுவரை 1961, 1978, 2002 என மூன்றுமுறை மட்டுமே அந்தக் கூட்டத்தில் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக்கூட்டமும் கிடையாது. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் திருத்தம் மக்களவையைத் தாண்டி 1970 செப்டம்பரில் மாநிலங்களவைக்கு வந்தபோது ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்த 224 பேரில் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு 149.33 என்பதால், ஒரு முழு வாக்குகூட அல்ல, அதன் மூன்றிலொரு பங்கு குறைந்து மசோதா தோற்றது. சட்ட மேலவைக்கு இப்படியொரு பலம் ஒருநாளும் இருந்ததில்லை. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் இயற்றினால் அந்த அவையே இல்லாமல் போய்விடும். தமிழ்நாட்டில் 1986இல் நடந்தது அதுதான்.