தொடுதிரையா, கியூஆர் குறியீடா?

இலங்கையின் மலையகத்தில் இயற்கைக் காட்சிக்கூடம் அமைக்க முனைவோர், காட்சிகளைப் பார்வையாளருக்கு விளக்க எது ஏற்றது என்று இவ்விரண்டுக்கும் இடையே தயங்குவதுண்டு.

செலவு: தொடுதிரைக்குக் கருவியும் தொடர்ந்த பராமரிப்பும் வேண்டும், குறியீட்டுக்கு அச்சிட்ட அட்டையும் இணையப் பக்கமும் போதும்.

நீடித்துழைப்பு: நுவரெலியாவின் ஈரக்காற்று தொடுதிரையைச் சோதிக்கும், அட்டை பழுதானால் மறுநாளே மாற்றலாம்.

பயன்பாடு: இதில் தொடுதிரையே மேல். கைத்தொலைபேசி இல்லாமல் வரும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்று, 2,000 மீற்றருக்கும் உயரமான ஹோர்ட்டன் சமவெளியில் வாழும் கொம்பு ஓணானின் படத்தைப் பெரிதாக்கி, மூக்கு நுனியிலுள்ள கொம்பை ஒன்றாகப் பார்க்கலாம். அந்தக் கூட்டு வியப்பைத் தனித்தனித் தொலைபேசிகள் தருவதில்லை என்றே கருதுகிறேன். பறவைக் குரலை அமைதியாகக் கேட்கக் குறியீடு நல்லது.

ஆகவே, மாணவர் குழுக்கள் மிகுதியாக வரும் கூடத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கும் ஒரு தொடுதிரையேனும் அவசியம். தனிப் பயணிகள் நாடும், நிதி குறைந்த கூடத்துக்குக் குறியீடே பொருந்தும்.