திரை போன ஒசிலோஸ்கோப்: திருகோணமலையில் எந்த வழி தாங்கும்?

மின் அலைவடிவங்களைத் திரையில் வரைந்து காட்டும் கருவி ஒசிலோஸ்கோப். பழைய டிஜிட்டல் ஒசிலோஸ்கோப்புகளில் அளக்கும் பகுதி நன்றாக ஓட, திரை மட்டும் இருண்டுபோவது வழக்கமான நோய். டெக்ட்ரோனிக்ஸ் டிடிஎஸ் 210 போன்ற எல்சிடி கருவியென்றால், டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அலைவடிவம் மங்கலாகத் தெரிந்தால் எல்சிடி பிழைத்திருக்கிறது. போனது திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் மெல்லிய பின்னொளிக் குழாய் அல்லது அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர்.

அதே வகைக் குழாயைப் போடலாமா, எல்ஈடி பட்டைக்கு மாறலாமா? குழாய் போட்டால் ஒளி பழையபடி சீராகப் பரவும். ஆனால் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி தபாலில் முழுதாக வந்து சேர வேண்டும், கம்பியைப் பற்றவைக்கும்போதும் விரிசல் விடலாம். அதைவிடப் பெரிய தலைவலி இன்வெர்ட்டர். அது நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுப்பது. கடற்காற்றின் உப்புப் படிந்த பலகையில் மாரிகால ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் ஓரங்களில் கசியத் தொடங்கும். உப்புவெளிப் பக்கம் கடலோரத்தில் வேலை செய்பவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்ஈடிக்கு இந்த உயர் அழுத்தம் தேவையில்லை. "அளவீட்டில் இரைச்சல் கலக்கும்" என்பார்கள். மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் மலிவான ஸ்விட்சிங் டிரைவர் போட்டால் கலக்கும்தான். பழைய இன்வெர்ட்டர் மட்டும் மௌன விரதமா இருந்தது? சரியான தடையி ஒன்றைத் தொடரில் இணைத்து, ஒளியளவை மாறாமல் விட்டால் அந்தத் தொல்லை இல்லை. பட்டை குழாயின் பள்ளத்துக்குள் அடங்கும் அகலத்தில் இருக்க வேண்டும். அலங்கார விளக்குப் பட்டை அதற்குள் போகாது. பழைய இன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். இங்கே என் வாக்கு எல்ஈடிக்கே.

படக்குழாய்க் கருவிகளின் கதை வேறு. டிடிஎஸ் 700 வரிசையின் பல மாதிரிகளில் பின்பக்கம் விஜிஏ வெளியீடு உண்டு. பழைய கணினித் திரையை மாட்டினால் செலவில்லாமல் வேலை நடக்கும். அதில் படம் சரியாக வந்தால் பழுது படக்குழாய்ப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். மேசையில் இடம் அடைக்கும், அவ்வளவுதான். படம் ஒற்றைக் கிடைக்கோடாகச் சுருங்கியிருந்தால் பழைய டிவி திருத்துநரிடம் கொடுங்கள்: படத்தை மேலும் கீழும் விரிக்கும் செங்குத்து விலகல் மின்சுற்றும், கப்பாசிட்டர்களும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறுத்திய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வெளித்திரை போட்டாலும் உள்ளே பார்க்காமல் விடாதீர்கள். அந்தக் காலத்துக் கருவிகளின் சிறு மின்பகு கப்பாசிட்டர்கள் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள்.