விமானி அறைக்கு வரும் மழைப் படம்: எஃப்.ஐ.எஸ்.-பி. சேவை ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் இலவசமாக வழங்கும் எஃப்.ஐ.எஸ்.-பி. என்ற விமானத் தகவல் ஒலிபரப்புச் சேவை, சில நூறு டாலர் விலையுள்ள ஒரு சிறு ரிசீவர் இருந்தால் போதும், தரையிலுள்ள நெக்ஸ்ராட் வானிலை ரேடார்கள் கண்ட மழையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் டேப்லெட் திரைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சொந்த ரேடார் இல்லாத விமானங்களுக்கு இது பெரிய வரம். பாதையில் புயல் நிற்கிறது என்று நூறு மைல் முன்பே தெரிந்து திரும்பிவிட இதைவிட மலிவான துணை கிடையாது.

குறை, படத்தின் ஓரத்தில் வரும் அந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது. '1 நிமிடம்' என்று அது காட்டினால், படம் தொகுக்கப்பட்டு ஒரு நிமிடம் ஆகிறது என்பதே பொருள். ரேடார் வானத்தைப் பல கோணங்களில் துழாவி முடிக்கவும், பல நிலையங்களின் தரவு ஒன்றுசேரவும் ஆன நேரம் அந்த எண்ணில் சேராது. திரையில் தெரியும் மழை, அந்த எண் காட்டுவதைவிட, மோசமான நிலையில், 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஜூன் மாதம் எச்சரித்தது. மணிக்கு 40 கடல் மைல் வேகத்தில் நகரும் புயல் 15 நிமிடத்தில் 10 கடல் மைல் கடந்துவிடும்.

அந்த எச்சரிக்கை உயிரிழப்புகளுக்குப் பிறகே வந்தது. 2010 மார்ச் 25 அன்று விடியுமுன், டென்னசி மாநிலத்தின் பிரவுன்ஸ்வில்லில் இருந்த தன் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மருத்துவ ஹெலிகாப்டர், புயலை முந்திவிட ஏறத்தாழ 18 நிமிடம் இருக்கிறது என்ற கணக்கோடு புறப்பட்டு, தளத்தை நெருங்கும் வேளையில் கனமழையிலும் கடும் காற்றுக் கொந்தளிப்பிலும் சிக்கி விழுந்தது. விமானியும் இரு செவிலியரும் மாண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரில் டெக்சாஸின் பிரையன் அருகே ஒரு பைப்பர் சிறு விமானம் விழுந்து ஐவர் இறந்தனர். இரு விமானிகளுக்கும் இத்தகைய ரேடார் படம் கிடைத்திருந்தது. தொழில் தெரிந்தவர்களையே ஏமாற்றக்கூடிய தெளிவு இந்தப் படத்துக்கு இருக்கிறது என்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

இரவு மழையில் தரையிறங்கும்போது ஆபத்து இன்னும் கூடும். முன்கண்ணாடியில் நீர் வழிகையில் விமானம் இருக்கும் உயரத்தைவிட மேலே இருப்பதுபோல் தோன்றும். அதை நம்பும் விமானி மேலும் தாழ்ந்துவிடுவார். இறங்கும் கோணம் சரியா என்று காட்டும் ஓடுபாதையோரப் பாப்பி விளக்குகளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாத அந்த நேரத்தில், இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று திரையைத் துழாவுவது மிகத் தவறான பயன்பாடு.

ஆகவே, புறப்படுவதா, சுற்றிப் போவதா, வேறு நிலையத்தில் இறங்கிக் காத்திருப்பதா என்று முடிவெடுக்க இச்சேவையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கடும் இடிமழையிலிருந்து குறைந்தது 20 மைல் விலகியிருக்கச் சொல்லும் அறிவுரையைக் கடைப்பிடிப்பவருக்குப் பழைய படமும் போதும்; நெருங்கிச் செல்ல நினைப்பவருக்குப் புதிய படமும் போதாது. செயலி தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே: தொகுத்த நேரத்தைக் காட்டும் அதே இடத்தில், உள்ளிருக்கும் மழைத் தரவு எவ்வளவு பழையதாக இருக்கக்கூடும் என்பதையும் பெரிய எழுத்தில் காட்டுங்கள்.