கால் எரிச்சலுக்கு கரண்ட் மெஷின் வாங்கப் போகிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

ஆடி மாசம், முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடந்த எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில் ‘இலவச நரம்பு சிகிச்சை முகாம்’ என்று பச்சை நோட்டீஸ் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ராத்திரியானால் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும், தூக்கமே கிடையாது. நாலு நாள் காலில் பேட் ஒட்டி இலவசமாக கரண்ட் வைத்தார்கள், இதமாக இருந்ததாம். ஐந்தாம் நாள், “மூணே மாசத்துல நரம்பு புதுசா வளந்துரும்மா, மாத்திரையே வேண்டாம்” என்று சொல்லி 28,500 ரூபாய்க்கு ஒரு மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள். பில் என்று கொடுத்தது முத்திரைகூட இல்லாத துண்டுச்சீட்டு.

அது டென்ஸ் (TENS) கருவி, அதாவது தோலில் பேட் ஒட்டி லேசான கரண்ட் வைத்து வலியைக் குறைக்கப் பார்க்கும் மெஷின். சர்ஜிக்கல் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. டென்ஸே பொய் என்று நான் சொல்லவில்லை. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி அடங்குகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்: தோலில் உண்டாகும் கூச்சம், வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் தண்டுவடத்திலேயே கொஞ்சம் மறிக்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன விளக்கத்திலிருந்து வந்தது. கிடைப்பதும் தற்காலிக ஆறுதல்தான், கெட்டுப்போன நரம்பை அது வளர்க்காது. நாள்பட்ட வலிக்கு உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2019-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு, அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டுச் சொன்னது.

பணம்கூடப் போகட்டும். சர்க்கரையில் அம்மாவுக்குப் பாதம் பாதி மரத்துப்போயிருக்கிறது. கூச்சம் தெரியவில்லையே என்று வீட்டில் பட்டனை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பேட் வேறு ஓரமெல்லாம் காய்ந்து உரிந்து, ஒட்டின இடத்தில் மட்டும் கரண்ட் குவிந்திருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், அதையும் நான்தான் மறுநாள் செருப்பு மாட்டும்போது பார்த்தேன், அவருக்குத் தெரியவே இல்லை. மூன்று வாரம் டிரெஸ்ஸிங். மரத்துப்போன இடத்தில் இதை வைக்கவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முகாமில் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா பேஸ்மேக்கர் வைத்தவர், டாக்டரைக் கேட்காமல் கிட்டேயே போகக் கூடாது, அவருக்கும் கையில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

துண்டுச்சீட்டில் இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், அப்புறம் என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன். நேற்று என் சித்தி போன் பண்ணினார், அவர் ஊர் மண்டபத்தில் முகாமாம், அதே பச்சை நோட்டீஸ்.