63 ஆம்பியர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: வாங்கலாம், நியூட்ரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் காற்று மழையில் செம்பனை மட்டையோ மரக்கிளையோ கம்பியில் விழுந்தால், கரண்ட் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் அதோடு கட்டாயம் வாங்க வேண்டியது, வீட்டு இணைப்பை டிஎன்பி (தெனாகா நேஷனல் மின் நிறுவனம்) கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். பெட்டியோடு வரும் 63 ஆம்பியர், இரண்டு போல் (pole: லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும்) ரகம் அது.

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க வெளிச்சம் வரவைக்கும் பழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைக்கிறது. அந்த வயரின் ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் மூடாமல் வெளியே நிற்கும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் போய் 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். கம்பியில் கைவைத்திருக்கும் டிஎன்பி ஊழியருக்கு அது தெரியாது.

சேஞ்ச்ஓவரில் மறதிக்கு இடமில்லை. குமிழ் 1-லிருந்து (டிஎன்பி) 2-க்குப் (ஜெனரேட்டர்) போக 0-வைத் (இரண்டும் அணைந்த நிலை) தாண்டியே ஆக வேண்டும். லைவ், நியூட்ரல் இரண்டும் அறுபட்ட பிறகுதான் மறுபக்கம் சேரும். ஒரு போல் மட்டும் மாற்றும் மலிவு ரகத்தை வாங்க வேண்டாம். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு நான்கு போல் தேவை. மெயின் சுவிட்ச் 63 ஆம்பியர் என்றால் இதுவும் 63; 40 போட்டால் சூடேறி உருகும்.

பெட்டியின் குறை டெர்மினலில். 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் இறுக்கமாக நுழையும். ஓர் இழை வெளியே நின்றாலும், திருகு தளர்ந்தாலும் கருகத் தொடங்கும். பொருத்திய சில வாரத்தில் மெயினை அணைத்து ஒருமுறை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

பொருத்தும் இடம் மெயின் சுவிட்சுக்கும் ஆர்சிசிபிக்கும் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை அறுக்கும் சுவிட்ச்) நடுவில். அப்போதுதான் எந்தப் பக்கத்துக் கரண்டும் ஆர்சிசிபி வழியாகவே வீட்டுக்குள் போகும். மீட்டர் சீலைத் தொடக்கூடாது. வெளிச்சுவரில் ஜெனரேட்டர் கேபிளைச் செருக 16 ஆம்பியர் நீல நிற இன்லெட், அதன் பின்னால் 16 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் விழும் சிறிய சுவிட்ச்), ஜெனரேட்டர் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ரப்பர் கேபிள். இந்த வேலை சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனுடையது.

பலர் கோட்டை விடுவது நியூட்ரலில்தான். சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும். குமிழை 2-க்குத் திருப்பியதும் டிஎன்பி பக்கத்து நியூட்ரலும் அறுந்துவிடுவதால், ஃபிரிட்ஜ் உடம்பில் கரண்ட் கசிந்தாலும் அது திரும்பிப் போக வழியில்லை, ஆர்சிசிபி விழாது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பட்டன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் கரண்டை ஓட்டுகிறது. எர்த் இல்லாவிட்டாலும் விழும். ஜெனரேட்டர் கையேடு அனுமதித்தால், ஆர்சிசிபிக்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, வீட்டு எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். பிறகு ஜெனரேட்டர் ஓடும்போது லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் ஆர்சிசிபி சோதிக்கும் டெஸ்டர் கருவியை வைத்து ஆர்சிசிபியை விழவைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரை வேலை முடியவில்லை.

2.5 கிலோவாட் ஜெனரேட்டர் சுமார் 11 ஆம்பியர் தரும். ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், பத்து எல்இடி விளக்கு, டிவி எல்லாம் சேர்ந்து 600 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் ஃபிரிட்ஜும் தண்ணீர் பம்பும் கிளம்பும் நொடியில் பலமடங்கு இழுக்கும், ஒன்றாகப் போடக்கூடாது. சுடுதண்ணீர் ஹீட்டர் 3,000 வாட்டைத் தாண்டும், நினைக்கவே வேண்டாம்.

கரண்ட் போனால் எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, குமிழை 0-வில் வைத்து, ஜெனரேட்டரை வெளியே ஓடவிட்டு, சத்தம் சீரானதும் 2-க்குத் திருப்புங்கள். முதலில் ஃபிரிட்ஜ், ஒரு நிமிடம் கழித்து மற்றவை. அடுப்படிக் கூரைக்கடியிலோ ஜன்னலோரமோ ஜெனரேட்டர் கூடாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் விழிக்கமாட்டார். குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி வையுங்கள்.

கரண்ட் போனதும் தானாக ஜெனரேட்டருக்கு மாறும் ஏடிஎஸ் பெட்டியையும் கடைக்காரர் காட்டக்கூடும். கயிறு இழுத்துக் கிளப்பும் ஜெனரேட்டரை அது கிளப்பாது. அந்தக் காசை நல்ல கேபிளுக்குக் கொடுங்கள்.