குட்டைப் பப்பாளி: விதை முதல் மூன்றாம் ஆண்டு வரை

நர்சரியில் "குட்டை" என்று சொல்லி விற்கும் பப்பாளி எல்லாம் ஒன்றல்ல. உண்மையிலேயே குட்டையானது பூசா நன்ஹா. பீகாரில் பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காமாக் கதிர் செலுத்தி உருவாக்கிய ரகம் இது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலேயே முதல் காய் பிடிக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1972-ல் வெளியிட்ட கோ.1, தைவான் கலப்பினமான ரெட் லேடி 786 ஆகியவை இரண்டு, இரண்டரை அடியில் காய்க்கத் தொடங்குபவை. முதல் ஆண்டில் நின்றபடியே பறிக்கலாம். மூன்றாம் ஆண்டில் தொரட்டி தேவைப்படும்.

உயரத்தைவிட முக்கியமானது மரம் ஆணா, பெண்ணா என்பது. நன்ஹாவும் கோ.1-ம் ஆண், பெண் தனித்தனி மரமாக வருபவை. விதையில் பாதிக்குப் பாதி ஆண். அருகில் ஆண் மரம் இல்லாவிட்டால் பெண் மரத்துப் பிஞ்சு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆகவே ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் நன்ஹா வேண்டாம். ரெட் லேடி, கோவையின் இன்னொரு ரகமான கோ.7 இரண்டிலும் இருபால் மரங்களும் (ஒரே பூவில் சூலகமும் மகரந்தமும் உள்ளவை) பெண் மரங்களும் மட்டுமே வரும், ஆண் கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு இருபால் மரம். அது தனியாக நின்றாலும் காய்க்கும். ஐந்தாறு தொட்டி வைக்க மாடி இருந்தால் நன்ஹாவை நட்டு, ஒரு ஆணை மட்டும் விட்டுவைக்கலாம்.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்து உறையை உடைத்து, தண்ணீரில் அலசி, மிதப்பதைக் களைந்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் தாமதிக்காமல் விதைப்பது நல்லது. வைக்க வைக்க முளைப்புத்திறன் குறையும். கடைப் பழத்து விதையில் தாயின் குணம் அப்படியே வராது. கலப்பினம் என்றால் உயரமும் சுவையும் சிதறும். தோட்டத்தில் ஆண் மரத்து மகரந்தம் பட்டிருந்தால் ஆண் கன்றும் வரும்.

குழித்தட்டைவிட ஆறு அங்குலப் பாலித்தீன் பை மேல், ஏனென்றால் பப்பாளிக்கு வேர் கலைந்தால் பிடிக்காது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம பங்கு, அதோடு அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி ஒரு கைப்பிடி. பைக்கு நான்கு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். மார்கழிக் குளிரில் ஒரு மாதம் தாண்டினாலும் கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்த கன்று அடித்தண்டில் கறுத்துச் சாய்வது நாற்றழுகல். காரணம் பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான். மேல்மண் காய்ந்த பிறகே பூவாளியால் தெளியுங்கள். பையில் நல்ல கன்று ஒன்றை நிறுத்தி, மற்றதைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள்.

ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் கன்று நடவுக்குத் தயார். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, ஒரு கூடை தொழுவுரமும் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து மூடி, ஒரு குழியில் மூன்று கன்றை முக்கோணமாக நடவேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. நன்ஹாவில் மூன்றும் ஆணாகப் போக எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு நட்டால் பதினாறில் ஒன்று. நான்கைந்து மாதத்தில் பூ வந்ததும் தெரிந்துவிடும்: நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண், தண்டை ஒட்டிப் பருத்த மொட்டு பெண், நீண்ட மொட்டுக்குள் சூலகமும் மகரந்தமும் சேர்ந்திருந்தால் இருபால். அப்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிடலாம். பங்குனி, சித்திரை வெக்கையில் மட்டும் அவசரப்படாதீர்கள். கடும் சூட்டில் இருபால் மரமே சூலகம் வளராத பூவாகப் பூத்து ஆண் போலத் தோன்றும். மழை வந்ததும் சரியாகும்.

மாடிக்கு 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே அறுத்த பாதி போதும். அதற்குக் குறைந்தால் காய் சிறுத்துவிடும். ஈர மண்ணோடு நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் தூண், உத்திரம் வரும் இடத்தில் வையுங்கள். ஆறு மணி நேர நேரடி வெயில் கட்டாயம். நிழலில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, குட்டை ரகமும் நெட்டையாகிவிடும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் இதே கதிதான்.

பப்பாளியைக் கொல்வது பூச்சியைவிடத் தேங்கிய தண்ணீர்தான். ஐப்பசி அடைமழையில் ஓரிரு நாள் நீர் நின்றாலே வேர் அழுகும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அது தாகமல்ல. அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றித்தான் பலர் மரத்தை இழக்கிறார்கள். தண்டைச் சுற்றி மண்ணைக் கூட்டி, பாத்தியை ஒரு அடி தள்ளி வட்டமாக எடுங்கள். தண்டின் அடி மெத்தென்று ஆகத் தொடங்கினால் ஒரு சத போர்டோக் கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) வேர்ப்பகுதியில் ஊற்றலாம். சுற்றிலும் அழுகிவிட்டால் பலனில்லை.

தரையில் நட்ட மரத்துக்கு, ஆணா பெண்ணா என்று தெரிந்து கன்று களைந்த பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து தலா 50 கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. உரமாகச் சொன்னால் யூரியா சுமார் 110, சூப்பர் பாஸ்பேட் 310, பொட்டாஷ் 85 கிராம். தொட்டிக்கு இதில் கால் பங்கை இரண்டு தவணையாகப் பிரித்துப் போட்டால் போதும். காய் கட்டி கட்டியாகப் புடைத்துப் பால் வடிந்தால் போரான் குறை. நட்ட நான்காம், எட்டாம் மாதங்களில் லிட்டருக்கு ஒரு கிராம் போரிக் அமிலமும் ஐந்து கிராம் துத்தநாக சல்பேட்டும் தெளித்தால் வராமல் தடுக்கலாம்.

மாவுப்பூச்சிக்குக் கடும் மருந்து வேண்டாம். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்டுப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவி. கடும் மருந்து அந்தக் குளவியையும் கொன்றுவிடும். தண்ணீரைப் பீய்ச்சியடித்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு தெளிப்பது போதுமானது. வளையப்புள்ளி வைரஸுக்கு மட்டும் மருந்தே இல்லை. இலை தேமலாகிச் சுருங்கி, காம்பில் எண்ணெய்க் கோடு தெரிந்தால், மனம் வராவிட்டாலும் அந்த மரத்தை அன்றே பிடுங்குங்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வைரஸை அடுத்த மரத்துக்கு நொடியில் கடத்திவிடும். பக்கத்தில் பூசணி, வெள்ளரி, பீர்க்கு வைக்காதீர்கள். ரெட் லேடி ஓரளவு தாங்கும். நன்ஹாவுக்கு அந்தத் தெம்பு குறைவு.

நட்ட ஒன்பது, பத்து மாதத்தில் காயின் அடியில் மஞ்சள் கீற்று விழும். அப்போது பறித்தால் வீட்டில் நான்கைந்து நாளில் பழுக்கும். முதல் காய்ப்புதான் சிறந்தது. இரண்டாம் ஆண்டு காய் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், அளவு குறையும். மூன்றாம் ஆண்டு உயரத்தைக் குறைக்கத் தண்டை மூன்றடியில் சாய்வாக வெட்டலாம். உள்ளே குழல் என்பதால் மழைநீர் இறங்காமல் கொட்டாங்கச்சியால் மூட வேண்டும். பக்கத்தளிர் வந்து காய்க்கும், ஆனால் காய் சிறுத்து, கிளையும் காற்றுக்கு எளிதில் பிளக்கும். இரண்டாம் ஆண்டு முடிவிலேயே புதுப் பையில் விதை போட்டுவிடுவது மேல். தரையில் என்றால் பழைய குழியிலேயே நடாமல், வேரைத் தாக்கும் நூற்புழுவுக்குப் பயந்து ஆறேழு அடி தள்ளி நடுங்கள். தொட்டி என்றால் மண்ணை முழுவதும் மாற்றிவிடுங்கள்.