முதல் மூன்று வருஷம்: கீழ்க்கோர்ட் சீனியரா, ஹைகோர்ட் சேம்பரா?

சிவில், கிரிமினல் வழக்கு நடத்துவதுதான் தொழில் என்று முடிவு செய்த புது வக்கீலுக்கு என் ஓட்டு மாவட்ட, தாலுகா கோர்ட் சீனியருக்கே, அதிலும் இரண்டு மூன்று ஜூனியருக்கு மேல் வைத்துக்கொள்ளாதவருக்கு. நான் தேர்ந்ததும் அதுதான், சாய்வு தெரியத்தான் செய்யும்.

பணத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜூனியருக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைக்கு வருகிறதா என்பதை அங்கே இருக்கிற ஜூனியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைகோர்ட் சேம்பரில், அதாவது அங்கே தொழில் செய்யும் சீனியரின் அலுவலகத்தில், ரிட், அப்பீல், சீராய்வு என்று சட்டம் வேகமாகப் பழகும். நூறு பக்கத் தீர்ப்பை ஒரு பக்கக் குறிப்பாக்கும் கை வரும். ஆனால் அப்பீலில் வந்து சேர்வது சாட்சியம் முடிந்த வழக்குக் கட்டு. கீழே விட்டுப்போன ஆவணத்தை மேலே சேர்க்க, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 27 லேசில் இடம் தராது. வழக்கு எங்கே ஓட்டையானது என்று தெரியும், எப்படி ஆனது என்று பார்க்கக் கிடைக்காது. சென்னையில் ஒரிஜினல் சைடு, அதாவது ஹைகோர்ட்டிலேயே நேரடியாகத் தொடங்கும் வழக்குகள், பார்க்கும் சேம்பர் மட்டும் விலக்கு. 1 கோடிக்கு மேற்பட்ட நகர சிவில் வழக்குகளில் சாட்சி விசாரணையே அங்கே நடக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் பார்ப்பது, நீங்கள் எழுதிய பிராதை (வழக்கு மனுவை) யார் திருத்துகிறார் என்பதை. தானே டைப்பிஸ்டுக்குச் சொல்லி எழுத வைக்கும் சீனியர் எவ்வளவு பெரிய ஆளானாலும், பக்கத்தில் நிற்பவருக்கு லாபம் குறைவு. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அதைவிட ஆபத்து. ஃபைலிங் செக்‌ஷன் ரிட்டர்ன் போடுவது கோர்ட் ஃபீ குறைந்தால், பக்க எண் தவறினால். கேட்க வேண்டிய பரிகாரம் விடுபட்டதை அவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எழுத்து வாதத்தில் எடுத்துவைப்பார், நாலைந்து வருஷம் கழித்து.

நில வழக்கையே எடுத்துக்கொள்வோம். கட்சிக்காரரின் உரிமை மூலத்தையே எதிரி மறுக்கும்போது எதிரியைத் தடுக்கும் வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டால் போதாது, சொத்து இவருடையதே என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகையும் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2008 அனத்துல சுதாகர் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. சொத்து விவரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருந்து புது உட்பிரிவு விடுபட்டால், விசாரணை தொடங்கிய பின் திருத்துவதற்கு, உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே எழுப்ப முடியவில்லை என்று அதே விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 17-இன்படி காட்ட வேண்டும். நல்ல சீனியர் உங்கள் வரைவையும் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கெல்லையை வரி வரியாக ஒத்துப்பார்ப்பார், சிவப்பு மையால் அடிப்பார். அடித்த தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஃபைல் போட்டு வையுங்கள், அடுத்த பிராதுக்கு முன் புரட்டுங்கள்.

அதே வழக்கு சாட்சிக் கூண்டுக்கு வரும்போது பாடம் முழுசாகும். நீங்கள் எழுதிய நிரூபண வாக்குமூலம் (முதல் விசாரணைக்குப் பதில் சாட்சி தரும் பிரமாணப் பத்திரம்) குறுக்கு விசாரணையில் எந்த வரியில் உடைகிறது என்பது கண்ணெதிரே தெரியும். முத்திரைத்தீர்வை குறைந்த பத்திரத்தை எதிரி சான்றாவணமாகக் குறியீடு செய்யும் அந்த நிமிடமே ஆட்சேபிக்க வேண்டும், ஒருமுறை ஏறிவிட்டால் முத்திரைச் சட்டம் 36-வது பிரிவு வாயை அடைத்துவிடும். எழுந்து நிற்கும் அந்த அனிச்சை, வழக்குக் கட்டைப் படித்து வருவதில்லை.

சேருமுன் ஒரு வாரம் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து பாருங்கள். வாய்தா வாங்க மட்டும் ஜூனியரை அனுப்புகிறாரா, காசோலை வழக்கிலோ விபத்து இழப்பீட்டிலோ குறுக்கு விசாரணை கொடுக்கிறாரா? ஆறு மாதத்தில் இடைக்கால மனு, ஒரு வருஷத்தில் சிறு சாட்சி என்பது நியாயமான எதிர்பார்ப்பு. வக்காலத்தில் உங்கள் பெயரும் சேர வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 வருஷத் தொழில் தேவை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்துவிட்டது. அதற்கான சான்றை 10 வருஷ அனுபவமுள்ள வக்கீல் தர வேண்டும், நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். கோர்ட்டில் முகம் தெரிந்த ஜூனியருக்கு இது சுலபம்.

வரி, கம்பெனி சட்டம் என்று போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சாட்சிக் கூண்டு அபூர்வம், தீர்ப்பாயத்தில் தினமும் நிற்கிற சேம்பரே மேல் என்று நினைக்கிறேன். அங்கேயும் வரைவைத் திருத்துவது யார் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.